கடைத் திண்ணையில் படுக்கும் பெரியவருக்கு என்ன செய்வது?

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையம் பக்கம் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "மூன்று மாதமாக ஒரு பெரியவர் எங்கள் கடைத் திண்ணையில்தான் இரவு படுக்கிறார். இந்தி மாதிரி ஏதோ பேசுகிறார். இடது காலில் புண், ஈ மொய்க்கிறது. போலீசைக் கூப்பிட்டு அப்புறப்படுத்து என்கிறார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். எனக்கு மனசு வரவில்லை. மழைக்காலமும் வருகிறது. என்ன செய்யலாம்?"

முதலில் காலைப் பாருங்கள். மற்றதெல்லாம் நாலு நாள் பொறுக்கும், புண் பொறுக்காது.

தூங்கும்போது தட்டி எழுப்ப வேண்டாம். தெருவில் படுப்பவர்களை இரவில் தொடுவது பெரும்பாலும் உதைக்கவோ திருடவோ வருகிறவர்கள்தான். பதறிக் கையை வீசிவிடுவார். காலையில் ஒரு சாயா வாங்கிக்கொண்டு போய், அவர் உட்கார்ந்திருக்கும் உயரத்திலேயே உட்காருங்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர் பெயரைக் கேளுங்கள். காலைக் காட்டி, பார்க்கலாமா என்று சைகையில் கேட்டுவிட்டு, தலையசைத்த பிறகு தொடுங்கள். பேச்சு புரியாவிட்டால், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வங்காள, அசாம், ஒடிசா இளைஞர்களில் ஒருவரை அழைத்து வாருங்கள். அசாமின் திப்ருகரில் புறப்படும் விவேக் எக்ஸ்பிரஸ் ரயில் கன்னியாகுமரியோடு நின்றுவிடுகிறது. மனம் கலங்கி எங்கோ ரயில் ஏறியவர், தண்டவாளம் முடிகிற ஊரில் இறங்கிவிடுவது உண்டு.

கையுறை போட்டுக்கொண்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைனை ஊற்றிப் புண்ணைக் கழுவுங்கள். அது இல்லையென்றால் கொதித்து ஆறிய தண்ணீர். சுத்தமான காஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல் கறுக்கும். மஞ்சள், காபித்தூள், கலக்காத டெட்டால் எதுவும் வேண்டாம். புழு தெரிந்தால் மண்ணெண்ணெயோ பினாயிலோ ஊற்றிவிடாதீர்கள், நல்ல சதையும் வெந்துபோகும். அதை ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள். சர்க்கரை நோய் முற்றிய காலில் உணர்ச்சி மரத்துவிடும். 'வலிக்கவில்லை' என்று அவர் சொன்னால் அதற்காகவே கூடுதலாகக் கவலைப்படுங்கள். புழு, கறுப்பு, நாற்றம், காய்ச்சல், மேல்நோக்கிப் பரவும் சிவப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே 108.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் 'கூட யார்?' என்பார்கள். அவசர சிகிச்சைக்கு ஆதார் வேண்டியதில்லை. ஆனால் ஆள் வேண்டும். உங்கள் தெருவில் நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு அரை நாள் என்று முறை போடுங்கள். சேர்க்கும்போதே மருத்துவமனை சமூகப் பணியாளரைப் பார்த்து, 'வீடில்லாதவர், டிஸ்சார்ஜுக்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள்' என்று போன் நம்பர் கொடுங்கள். இதை விட்டுவிட்டால், கட்டோடு அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். பத்தாம் நாள் புண் பழைய நிலைக்கே வந்திருக்கும்.

கிளம்புமுன் அவருடைய மூட்டையை மறக்காதீர்கள். நமக்கு அது அழுக்குத் துணி. அதற்குள்தான் மருந்துச் சீட்டும் போட்டோவும், ஊர் எழுதிய ஒரு துண்டுக் காகிதமும் இருக்கும். அவர் கண் முன்னால் சாக்கில் வைத்துக் கட்டி, பெயர் எழுதி, கடைக்குள் எந்த மூலையில் வைக்கிறீர்கள் என்று காட்டுங்கள். சிகிச்சைக்கு வர மறுக்கிறவர் பல நேரம் மூட்டையை விட்டு வரத்தான் மறுக்கிறார்.

இனி போலீஸ் விஷயம். அப்புறப்படுத்த என்று கூப்பிட வேண்டாம். ஆபத்தில்லாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பது குற்றமில்லை. மனநோய் இருப்பதாகத் தெரிந்து, தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாமல் அலைகிறார் என்றால் மட்டும் கூப்பிடுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-வது பிரிவுப்படி, அப்படிப்பட்டவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தையும் தேட வேண்டும். பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு மாறும். அதே சட்டம் மனநோயாளியின் தலையைக் கட்டாயமாக மொட்டையடிப்பதையும் தடுக்கிறது. பிடித்து உட்காரவைத்து முடிவெட்டிக் குளிப்பாட்டி வீடியோ போடுகிறவர்கள் சேவை செய்யவில்லை, ஒரு மனிதரை அவமானப்படுத்துகிறார்கள். குளிக்கச் சம்மதித்தால் ஒரு சாரமும் (லுங்கி) துவர்த்தும் (துண்டு) சோப்பும் கையில் கொடுத்து, கட்டணக் குளியலறைக்குக் காசு கட்டிவிடுங்கள். திண்ணை ஓரம் நாறுகிறது என்ற புகாருக்கும் மருந்து அங்கேதான்: இரவில் போய்வரக் கழிப்பறைக்கு வழி இருந்தால் அவர் ஏன் சுவரோரம் போகிறார்?

சாப்பாட்டுக்கு, பக்கத்து ஓட்டலில் மாதக் கணக்கு வைத்துவிடுவது நல்லது. எல்லாரையும் போல பெஞ்சில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுவார். விசேஷ வீட்டில் மிஞ்சியதைப் பொட்டலமாகக் கொடுத்தால், நம் ஊர்ப் புழுக்கத்தில் நாலு மணி நேரத்தில் சாம்பார் சாதம் ஊசிவிடும். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி, இட்லி, பழம்தான். ஒரேயடியாக வயிறு நிறையப் போட்டால் ரத்தத்தில் உப்புச்சத்துகள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கம்பளி நனைந்தால் காயாது. தார்ப்பாய், பிளாஸ்டிக் பாய், இரண்டு பருத்திப் போர்வை கொடுங்கள்.

படுக்க நிரந்தர இடம்: நகரில் 1 லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்க விடுதி வசதி, ஒரு விடுதியில் 50 முதல் 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி என்பது வீடற்றோர் விடுதித் திட்டம் வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பிலேயே நாகர்கோவில் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆகவே குறைந்தது 200 பேருக்கு இடம் கேட்கலாம். மாநகராட்சியில் விசாரித்து, முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள்: மூட்டை வைக்க இடம் உண்டா, இரவில் வெளியே பூட்டுகிறார்களா, நோயாளியைச் சேர்ப்பார்களா. பிறகு பகலில் அவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்கலாம்.

ஊர் தெரிந்துவிட்டால் உடனே அவர் வீட்டுக்குப் போன் போடத் தோன்றும். அவரிடம் கேட்காமல் போடாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் அவர் முகத்தைப் பரப்பாதீர்கள். அடிக்குப் பயந்து வீட்டை விட்டவர்களும் இருக்கிறார்கள். இப்போது வேண்டாம் என்றால், அந்த வீட்டுப் போன் நம்பரை ஒரு தாளில் பெரிதாக எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் மூட்டைக்குள் வைத்துவிடுங்கள்.