மணிக்கட்டில் குத்தாமல் எடுத்தால் அது அரைகுறைப் பரிசோதனையா?

கேள்வி: அம்மாவுக்கு சர்க்கரை நோய் உண்டு. ஒருமுறை மூச்சுத்திணறலோடு எமர்ஜென்சிக்குப் போனபோது மணிக்கட்டில் ஆழமாகக் குத்தி ரத்த வாயுப் பரிசோதனைக்கு (ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, அமில அளவு பார்ப்பது) ரத்தம் எடுத்தார்கள். வலி தாங்காமல் அழுதுவிட்டார். இந்த முறை கீட்டோ அசிடோசிஸ் (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் நிலை) என்றார்கள். சாதாரணமாகக் கை நரம்பில் எடுத்த ரத்தத்திலேயே பார்த்துவிட்டார்கள். சரியாகத்தான் செய்தார்களா?

பதில்: சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். நாம் பேச்சில் கை நரம்பு என்று சொல்வது சிரை. மணிக்கட்டில் நாடி துடிக்குமே, அது தமனி. ஆழத்தில் இருப்பது, சுவரும் தடிமன், அதனால்தான் அவ்வளவு வலி. ரத்தம் கட்டிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

கீட்டோ அசிடோசிஸில் மருத்துவர் தேடுவது ரத்தத்தில் அமிலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை. அந்த அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு சிரையில் தமனியைவிடச் சுமார் 0.03 மட்டுமே குறைவாக இருக்கும். அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும் ஒன்றிரண்டு புள்ளிதான் மாறும். அந்த வித்தியாசத்தால் சிகிச்சை மாறப்போவதில்லை. பிரிட்டனின் நீரிழிவு வழிகாட்டுதல்களே இதற்குச் சிரை ரத்தம் போதும் என்கின்றன. சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய பரிசோதனை இது. ஒவ்வொரு தடவையும் தமனியில் குத்துவது தேவையில்லாத கொடுமை என்பதே என் கருத்து.

சிரை ரத்தத்தால் சொல்லவே முடியாதது ஆக்சிஜன். உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பி வரும் ரத்தம் அது. தமனியில் 80 முதல் 100 மி.மீ. பாதரச அளவு வரை இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் அங்கே 40 அளவில்தான் இருக்கும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பெரும்பாலும் இந்தக் குறையை ஈடுகட்டிவிடும். கை கால் சில்லிட்டு, கருவி சரியாகக் காட்டாதபோது தமனிதான் வழி.

கார்பன் டை ஆக்சைடு விஷயம் கொஞ்சம் சிக்கல். சிரையில் அதன் அழுத்தம் அதே அளவையில் 45-க்கு மேல் போகவில்லை என்றால் தமனியிலும் தேங்கவில்லை என்று நம்பலாம். அதற்கு மேல் போனால், உண்மையில் எவ்வளவு என்று சிரையை வைத்துக் கணிக்க முடியாது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் ரொம்ப அதிகம். மூச்சுத்திணறலோடு வந்தவருக்கு மூச்சுக் கருவி பொருத்துவதா என்று முடிவெடுக்க அந்தத் துல்லியம் வேண்டும். அம்மாவுக்கு முதல் முறை மணிக்கட்டில் எடுத்தது அதற்காகத்தான் இருக்கும். ரத்த அழுத்தம் மிகவும் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கும் சிரைக்கும் தமனிக்கும் இடைவெளி கூடிவிடும், அப்போதும் தமனி ரத்தம் எடுப்பதே நல்லது.

இனி ஒருமுறை மணிக்கட்டில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். உயிருக்கு அவசரமான நேரம் தவிர மற்ற சமயங்களில் தயங்காமல் கேட்கலாம். ரத்தம் உறையாமலிருக்க அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் குத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எடுத்த பிறகு அந்த இடத்தை ஐந்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.