கிரவுஸ் வேட்டைக்கு ஏற்ற முதல் துவக்கு

அன்புள்ள தம்பி,

ஒன்ராறியோவுக்கு வந்து ஓராண்டு ஆகிறது, இலையுதிர் காலத்தில் வேலைத்தள நண்பர்களோடு வடக்கே கிரவுஸ் வேட்டைக்குப் போக விருப்பம், அவர்களில் ஒருவர் விற்கும், முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் 12 கேஜ் பம்ப் துவக்கை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேஜ் என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு; எண் கூடினால் குழல் ஒடுங்கும். வாத்து வேட்டைக்கு அது நல்ல துவக்கு. உங்கள் தேவைக்கு எடை குறைந்த 20 கேஜ் துவக்குத்தான் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

கிரவுஸ், நம் ஊர்க் கௌதாரியின் குடும்பத்தைச் சேர்ந்த பறவை. இளம் ஆஸ்பென் மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் காலடிக்குப் பக்கத்திலிருந்து படபடவென்று எழும்பி, ஓரிரு வினாடிகளில் கிளைகளுக்குள் மறைந்துவிடும். பெரும்பாலும் 20, 25 யார் தூரத்துக்குள்தான் சுட வேண்டியிருக்கும். நாள் முழுவதும் துவக்கை ஏந்தியபடி விழுந்த மரங்களைத் தாண்டி நடந்து, அந்த ஒரு கணத்தில் அதைத் தோளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால், 6 முதல் 6½ இறாத்தல் வரை எடையும் 26 அங்குலக் குழலும் உள்ளதாகப் பாருங்கள். குழல் வாயின் குறுக்கமாகிய சோக், சற்றே குறுகிய இம்ப்ரூவ்ட் சிலிண்டராக இருக்கட்டும்; மிகவும் குறுகிய ஃபுல் சோக்கில், தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளாகிய சன்னங்கள் விரியாமல் ஒரே கொத்தாகப் போவதால், இவ்வளவு கிட்டத்தில் குறி தவறும், தவறாவிட்டால் இறைச்சி சிதைந்துபோகும். 2¾ அங்குலத் தோட்டாவில் 7½ ஆம் எண் அளவுள்ள சிறிய சன்னம் தாராளமாகப் போதும்.

விலையையும் பெயரையும் விட உடலுக்குப் பொருந்துவதே முக்கியம். வேட்டைக்கு அணியும் தடித்த மேலங்கியோடு கடைக்குப் போங்கள். துவக்கு வெறுமையாக இருப்பதை உறுதிசெய்து, பாதுகாப்பான திசையில் பிடித்து, கண்களை மூடியபடி தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் (துவக்கின் பின்பகுதியில்) பதித்தபின் கண்களைத் திறவுங்கள். குழலின் நுனியில் குறிபார்க்க வைத்திருக்கும் சிறு குமிழ் நேர்கோட்டில் தெரிந்தால் நல்லது. குழலின் மேற்பரப்பு நிறையத் தெரிந்தாலோ, கட்டையின் அடி மேலங்கியில் சிக்கினாலோ, அந்தத் துவக்கு உங்களுக்குரியதல்ல. உயரம் குறைந்தவர்களுக்குக் கட்டையைச் சற்று வெட்டித் தரும் கடைகளும் உண்டு. மேல் கீழாக இரு குழல்கள் கொண்ட மடிப்புத் துவக்கை நான் விரும்பக் காரணம், அதைத் திறந்து பிடித்தால் தோட்டா இல்லை என்பதை உடன் வருபவர்கள் அனைவரும் கண்ணாலேயே காணலாம் என்பதுதான்.

நண்பர்களிடம் 12 கேஜும் உங்களிடம் 20 கேஜும் இருக்கும்போது தோட்டாக்களை ஒருபோதும் ஒரே பையில் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவி உள்ளே சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் 12 கேஜ் தோட்டா ஒன்றை இட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகவே.

துவக்கும் தோட்டாவும் வாங்க பிஏஎல் (PAL) எனப்படும் கனடாவின் துவக்கு உரிமம் வேண்டும். அதற்குக் குடியுரிமை தேவையில்லை. பாதுகாப்புப் பயிற்சியில் தேறி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் வாழ்க்கைத்துணையின் விபரமும் கேட்கப்படுவதால் மனைவியிடம் முன்கூட்டியே பேசுங்கள். முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு, ஒன்ராறியோவின் வேட்டைப் பயிற்சியும் தனியாக முடிக்க வேண்டும். ஆகவே துவக்கைத் தேடுவதற்கு முன், இந்த இரண்டு வகுப்புகளுக்கும் கோடை தொடங்குமுன்பே பெயரைப் பதிந்துவிடுங்கள்.