இரண்டாவது டெங்கு

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடம் முன்பு டெங்கு வந்து பிழைத்தான். போன வாரம் லேப்பில் டெங்கு ஐஜிஜி ஆன்டிபாடி பார்த்தோம். பாசிட்டிவ், அளவும் அதிகம் என்றார்கள். இனி அவனுக்கு டெங்கு வராதுதானே? ஆறு மாதத்துக்கொரு முறை அளவு பார்க்கலாமா? நிலவேம்புக் கஷாயத்தைத் தொடரலாமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

கஷாயத்தை விடுங்கள். ஆறு மாத டெஸ்ட் காசுக்குப் பிடித்த கேடு. உங்கள் நிம்மதிதான் என்னைப் பயமுறுத்துகிறது.

ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்பது தட்டம்மைக்குப் பொருந்தும். ஃபாரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை கண்டவர்களை 1846இல் அது திரும்ப வந்தபோதும் தொடவில்லை. டெங்கு அப்படியல்ல. அதில் நான்கு வகை உண்டு. வந்துபோன வகைக்கு ஆயுசுக்கும் காப்பு. மற்ற மூன்றுக்கும் கொஞ்ச காலம்தான். பிறகு அந்தப் பழைய ஆன்டிபாடி, அதாவது முதல் டெங்குவை எதிர்க்க உடம்பு செய்துவைத்த புரதம், புது வகை வைரஸைப் பிடிக்கும், ஆனால் முடக்காது. பிடித்தபடியே வெள்ளணுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வைரஸ் பெருகுவதே அங்கேதான்.

கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியது, பெரிய சேதமில்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தது. 158 பேர் போனார்கள், 101 பேர் குழந்தைகள். 1997இல் கியூபாவின் சாந்தியாகோ நகரில் அதே இரண்டாம் வகை. கடுமையாக விழுந்தவர்கள் பெரும்பாலும் இருபது வருடம் முன்பு முதல் வகை கண்டவர்கள்.

அளவுக்கு அர்த்தமே இல்லையா? உண்டு. நிகரகுவாவில் ஆய்வாளர்கள் குழந்தைகளைப் பன்னிரண்டு வருடம் கவனித்து 2017இல் எழுதினார்கள். ஆன்டிபாடி நிறைய இருந்தவர்களுக்குக் காப்பு இருந்தது. இடைப்பட்ட அளவில் இருந்தவர்களுக்கோ, ஒன்றுமே இல்லாதவர்களைவிடக் கடும் டெங்கு ஏழு மடங்குக்கு மேல். அளவு காலப்போக்கில் இறங்கும். உங்கள் ரிப்போர்ட் எந்த வகைக்கு எதிரானது என்பதையும் சொல்லாது. அந்தத் தாளை நம்பி எப்படித் தூங்குகிறீர்கள்?

என் அக்கா மகளுக்கு இரண்டாவது டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ரசம் சாதம் கேட்டாள், வீடே சிரித்தது. சாயங்காலம் வயிற்றுவலி, வாந்தி, பாதம் சில்லென்று இருந்தது. டியூட்டி டாக்டர் அவள் விரல்நுனியை அமுக்கி விட்டார். வெளுத்த நகம் சிவக்கவே மாட்டேன் என்றது. உடனே சலைன் ஏற்றினார்கள், பிழைத்தாள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான். அந்த இரண்டு நாளில் கண்ணயர்ந்துவிடாதீர்கள் அம்மா. மூத்திரம் போகிறானா, சோர்ந்து கிடக்கிறானா என்று பாருங்கள்.

இனி எப்போது காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக, "இவனுக்கு முன்னாடியே டெங்கு வந்திருக்கு" என்று சொல்லுங்கள். பாரசிட்டமால் போதும், புரூஃபென், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.