கேக் இல்லை, பீச்சாங்கை

வணக்கம் ஐயா. மகள் குடும்பம் இங்கிலாந்தில் டர்ஹாமில் இருக்கிறது. போன மாதம் போயிருந்தேன். ஆறு வயதுப் பேரன் இடது கையால் எழுதுவான். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 'கடி-விஃப்டர்' என்றார். வீட்டிலிருந்த அகராதியில் அந்தச் சொல் இல்லை, மருமகனுக்கும் தெரியவில்லை. திட்டினாரா, கொஞ்சினாரா?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள ஐயா,

கடி ஜோக்கில் ஏதோ ஒரு வகை என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டில்லை, கவலைப்படாதீர்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் இடக்கைக்காரர்களை அப்படித்தான் சொல்வார்கள். 'கடி' என்றால் அந்தப் பக்கத்தில் கழுதை. கத்பர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கமும் அதுதான். டர்ஹாம் பேராலயத்தில் அடக்கமாகியிருக்கிறாரே, அந்தப் புனிதரின் பெயர். உங்கள் பேரனை இரண்டில் எதில் சேர்த்தார் என்பதைப் பெரியவரிடம்தான் கேட்க வேண்டும்.

1950 முதல் 1961 வரை லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்ட் ஆர்ட்டனும் அவருடைய ஆட்களும் 313 ஊர்களில் வட்டார வழக்கைச் சேகரித்தார்கள். பெரும்பாலும் வயதான கிராமத்துக்காரர்களிடம், 1,300க்கும் மேற்பட்ட கேள்விகள். சொல்லை வாயில் எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. இடது கையைத் தூக்கிக் காட்டி, 'எல்லாவற்றையும் இதால் செய்கிறவனை என்ன சொல்வீர்கள்?' என்பது போலத்தான் கேட்க வேண்டும். பதில் ஊருக்கு ஊர் மாறியது. யார்க்‌ஷயரில் 'கேலக்', மிட்லண்ட்ஸில் 'கெக்கி', தென்மேற்கில் 'ஸ்க்ராமி', கார்ன்வாலில் 'கிளிக்கி'. கடைசிச் சொல் ஆங்கிலமே அல்ல. அந்த மண்ணில் முன்பு பேசிய கார்னிஷ் மொழியின் மிச்சம்.

எல்லோருக்கும் தெரிந்தது 'கேக்-ஹேண்டட்'. தின்கிற கேக் இல்லை, அதற்கு நேர் எதிர்: மலம். சொல் எங்கிருந்து வந்தது என்பதில் வேறு கருத்தும் உண்டு. ஆனால் கேட்கிறவர் காதில் இந்த அர்த்தம்தான் விழுகிறது. நம் பீச்சாங்கையேதான்! கைக்கு நாம் பெயர் வைத்தோம், அவர்கள் ஆளுக்கே வைத்துவிட்டார்கள். கை தவறி எதையாவது போட்டு உடைப்பவரையும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள், அவர் வலக்கைக்காரராக இருந்தாலும்.

வலது கையால் எழுதுகிறவனுக்கு இப்படி ஊருக்கொரு பட்டம் கிடையாது. 'லெஃப்ட்' என்ற சொல்லே பழைய ஆங்கிலத்தில் 'பலவீனம்' என்ற பொருளில் இருந்ததுதான். அரச குடும்பத்துப் பிள்ளையும் தப்பவில்லை. பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானவரைச் சிறு வயதில் வலது கையால் எழுத வைத்தார்கள். 1926இல் விம்பிள்டன் இரட்டையர் ஆட்டத்தில் இறங்கியபோது மட்டையைப் பிடித்தது இடது கையில்!

எனக்கு மூன்றாம் வகுப்பில் சிலேட்டு விளிம்பால் விரல் கணுவில் ஒரு தட்டு. அன்றிலிருந்து எழுத்து வலது கை. தேங்காய் துருவுவது, பம்பரம் விடுவது எல்லாம் இன்றும் நொட்டாங்கைதான்.

அப்புறம் ஒன்று. பேரனுக்கு இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், தனியாகவே விற்கிறார்கள். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைத்துவிடும். வெட்டு கோணலாகப் போகும், திட்டு பிள்ளைக்கு விழும்.