வகுப்பு மகனுக்கா, உங்களுக்கா?

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகனுக்கு தினமும் இரவு 7 மணிக்கு ஆன்லைன் வகுப்பு. முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுப்பாடத்தையும் நானே போட்டோ எடுத்து கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றுகிறேன். ஆனாலும் 'வீட்டுப்பாடம் ஒழுங்காக வருவதில்லை' என்கிறார் டீச்சர். பாதி நாள் வகுப்பே உறைந்து நின்றுவிடுகிறது. அவனோ என்மேல் எரிந்து விழுகிறான். இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா?
- ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: இருக்கிற கண்டிப்பே அதிகம், அம்மா. மைக் திறந்திருக்கும்போது நீங்கள் முணுமுணுக்கிற விடை வகுப்பு முழுக்கக் கேட்கும். பதினைந்து வயசுப் பையன் எரிந்து விழாமல் என்ன செய்வான்? முதலில் எழுந்து அந்தப் பக்கம் போங்கள். மைக் வைத்த இயர்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். உங்கள் கொருக்குப்பேட்டை ரயில் ஹாரனுக்கும் அதுதான் மருந்து.

டீச்சர் சொல்வது சரியாகவே இருக்கும். போட்டோவை இணைத்துவிட்டு ஆப்பை மூடினால் வேலை முடிந்ததாகாது. 'டர்ன் இன்' அழுத்தி, மறுபடி கேட்கும்போதும் உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கெடு தாண்டியதும் 'மிஸ்ஸிங்' என்று விழும். இன்னொரு வில்லங்கம்: எதையும் இணைக்காமலே 'மார்க் ஆஸ் டன்' அழுத்தலாம், முடித்ததாகவே காட்டும். பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும். கெடுவுக்குப் பிறகு 'அன்சப்மிட்' போட்டுத் திருத்தி அனுப்பினால், முன்பு நேரத்துக்கே அனுப்பியிருந்தாலும் 'லேட்'தான்.

ஆகவே ஏற்றுகிற வேலை அவனுடையது, பார்க்கிற வேலை உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் போதும். கிளாஸ்ரூமில் மேலே உள்ள மூன்று கோட்டைத் தொட்டு 'டூ-டூ'வுக்குப் போய், முதலில் 'மிஸ்ஸிங்', அப்புறம் 'டன்'. 'டன்'னில் இரண்டு மூன்றைத் திறந்து, உள்ளே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கணக்கை நோட்டை மூடிவைத்து விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. எங்கே திக்குகிறான் என்பது தெரிந்துவிடும்.

வகுப்பு உறைவதற்கு டேட்டாவும் காரணமாக இருக்கலாம். நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் அது தீர்ந்ததும் வேகம் பெரும்பாலும் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் வீடியோ வகுப்பு ஓடாது. பகலில் அந்த போனில் சீரியலும் ரீல்ஸும் பார்ப்பது யார் என்று நான் கேட்கவில்லை. செட்டிங்ஸில் 'டேட்டா சேவர்' போட்டு, வகுப்பு நடக்கும் மீட் ஆப்புக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அவை குவிந்தால் போன் நிரம்பி வீட்டுப்பாடப் போட்டோவுக்கு இடமில்லாமல் போகும்.

கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் போல அமைதியாக உட்கார்ந்து படிக்கிற இடத்துக்கு விடுமுறைப் பகலில் அனுப்பலாம். ராத்திரி வகுப்புக்காக கொருக்குப்பேட்டையிலிருந்து அங்கே அனுப்பச் சொல்ல மாட்டேன்.

டீச்சருக்குப் போன் செய்தால் 'பையன் எப்படிப் படிக்கிறான்' என்று கேட்காதீர்கள். 'சுமார்' என்றுதான் பதில் வரும். எந்தத் தேதி வேலை வரவில்லை, எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான் என்று கேளுங்கள். அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.