கடல் சேறும் ஏழு கறியும்

கேள்வி: சார், பள்ளியில் மகேபூர் கரைச் சேற்றை அகார் தட்டில் (கிருமிகளுக்கான கூழ் உணவு ஊற்றிய தட்டில்) வளர்த்து, "இதில் ஆறு வகைக் கிருமி இருக்கிறது" என்று சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது என் மகன், ஆழ்கடல் கிருமிகளை வளர்க்காமலே டி.என்.ஏ.வைப் படித்து அடையாளம் காண்கிறார்கள் என்கிறான். அது எப்படி? நம் கடலிலும் படித்திருக்கிறார்களா?
– முன்னாள் மாணவி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: மாட்டிக்கொண்டேனம்மா! அந்தத் தட்டு எனக்கும் நினைவிருக்கிறது. மூன்று நாள் அலமாரியில் வைத்துத் திறந்தால், மஞ்சளாய் இரண்டு புள்ளி, வெள்ளையாய் மூன்று, ஓரத்தில் பிசுபிசுவென்று ஒன்று. நான் சொன்னது தப்பு. அவை நாம் போட்ட சாப்பாடு பிடித்துப்போன ஆறு, அவ்வளவுதான். கடல் நுண்ணுயிர்களில் நூற்றுக்கு ஒன்றுகூட இப்படித் தட்டில் வளராது என்பது பழைய கணக்கு. பழைய நோட்டு இருந்தால் திருத்திக்கொள்.

இப்போது சேற்றிலுள்ள செல்களை உடைத்து, எல்லா டி.என்.ஏ.வையும் ஒன்றாக எடுத்துத் துண்டு துண்டாகப் படிக்கிறார்கள். எது யாருடைய துண்டு? காவடி முடிந்து கோயிலில் வாழையிலையில் ஏழு கறி சாப்பிடுவோமே, கடைசியில் எல்லாம் கலந்து கிடக்கும். ஓர் இலையை மட்டும் பார்த்தால் எதுவும் பிடிபடாது. பத்து இலைகளை ஒப்பிட்டுப் பார். ரசம் அதிகம் விழுந்த இலையில் புளியும் மிளகும் சேர்ந்தே கூடும். குறைந்த இலையில் சேர்ந்தே குறையும். அப்போது அவை இரண்டும் ஒரே கறி என்று தெரிந்துவிடும். பல இடத்துச் சேற்றில் சேர்ந்தே கூடிக் குறையும் துண்டுகளை அதேபோல ஓர் உயிரின் கணக்கில் சேர்க்கிறார்கள். டி.என்.ஏ. எழுத்துகள் அமைந்திருக்கும் பாணியும் கைகொடுக்கும்.

இப்படித்தான் 2015-இல், கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே ஆழ்கடல் சேற்றிலிருந்து லோகி ஆர்க்கியா என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர் வகை வெளிப்பட்டது. செல்லை யாரும் பார்க்கவில்லை, ஆனால் மனிதர், விலங்கு, செடி போன்றவற்றின் செல்களுக்கே உரியவை என்று நினைத்திருந்த மரபணுக்கள் அதில் இருந்தன. வேறு உயிரின் துண்டு கலந்திருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அப்புறம் ஜப்பானியர்கள் தங்கள் நாட்டை ஒட்டிய நன்காய் கடற்பள்ளத்தில் 2,533 மீட்டர் ஆழத்துச் சேற்றிலிருந்து அதன் உறவுக்காரன் ஒன்றைப் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு வளர்த்து, 2020-இல் வெளியிட்டார்கள். ஒரு செல் இரண்டாகப் பிரிய இரண்டு மூன்று வாரம் ஆகும்! பார்த்தால் குட்டி உருண்டை, அதிலிருந்து கிளைவிட்ட நீண்ட கைகள். எழுத்தைப் படிக்கலாம், சரி. முகத்தைப் பார்க்க வளர்த்துத்தான் ஆகவேண்டியிருந்தது. ஆகவே என் அகார் தட்டை அடியோடு தூக்கி எறிந்துவிடாதே.

நம் கடலுக்கு வருகிறேன். 2009-இல் ஜப்பானியர்கள் இந்தப் பக்கம் கடலடியில் இரண்டு வெந்நீர் ஊற்றுத் திடல்களைக் கண்டுபிடித்து, டோடோ, சொலிட்டேர் என்று நாம் தொலைத்த பறவைகளின் பெயரை வைத்தார்கள். குத்திக்காட்டியதாகவே எனக்குப் படுகிறது. ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே கைரேய் என்ற இன்னொரு ஊற்றுத் திடலில் காலெல்லாம் இரும்புச் செதில் போர்த்திய நத்தை உண்டு. அது இரை தேடுவதில்லை. தொண்டைக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, ஊற்றில் வரும் கந்தகத்தைக் கொண்டு அதற்குச் சோறு போடுகிறது. அந்தப் பாக்டீரியா தனியாக வளராது. நத்தைக்குள்ளிருந்தே அதன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் 2014-இல் படித்துவிட்டார்கள். சொலிட்டேரில் இருப்பதும் அதே நத்தைதான், ஆனால் வெள்ளை. அங்கே ஊற்று நீரில் இரும்பு குறைவு.