மென்பொருள் தொகுப்பில் மேற்கோள் தகவல்: கேள்வி பதில்

பெங்களூரில் ஆய்வகங்களுக்கு மென்பொருள் எழுதிவரும் நான், இங்குள்ள தமிழ் ஆய்வாளர்கள் சிலர் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் இவை.

மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு மாணவி: தொகுப்பை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பின் கடைசியில் "எங்களை மேற்கோள் காட்டுங்கள்" என்று எழுதியிருக்கிறேன், ஐயா. அது போதாதா?

போதாது. அந்த வரியை மனிதர்கள் படிப்பார்கள். கருவிகளுக்கு அது விளங்காது. நிரல் களஞ்சியத்தின் மேல்நிலையில் சைட்டேஷன்.சிஎஃப்எஃப் என்ற கோப்பை வையுங்கள். வடிவப் பதிப்பு, வாசகருக்கான செய்தி, தலைப்பு, ஆசிரியர்கள் ஆகிய நான்கும் அதில் கட்டாயம். அக்கோப்பு இருந்தால், 2021 முதல், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளமே வலப்பக்கத்தில் மேற்கோளை ஏபிஏ, பிப்டெக் ஆகிய மேற்கோள் வடிவங்களில் எடுத்துத் தருகிறது. ஆர் என்ற நிரல்மொழித் தொகுப்பானால் இன்ஸ்ட் கோப்புறைக்குள் சைட்டேஷன் கோப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் ஆர் தானாக ஒரு மேற்கோளை உருவாக்கும் என்றாலும், அதில் உங்கள் ஆய்வுக் கட்டுரை இடம்பெறாது.

யஷ்வந்த்பூரிலிருந்து: நமக்குக் குடும்பப்பெயர் கிடையாதே. இனிஷியலை எங்கே இடுவது?

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் முதல் தொகுப்பில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, சிஎஃப்எஃப் கோப்பில் குடும்பப்பெயருக்கான ஃபேமிலி-நேம்ஸ் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை நிரப்பினேன். அதன் விளைவாக, நெல்லையில் மளிகைக் கடை வைத்திருந்த, கணினியைத் தொட்டுக்கூடப் பார்க்காத என் அப்பா, மூன்று கட்டுரைகளில் தரவுச் சீரமைப்பு நிரலின் ஆசிரியராக மேற்கோள் பெற்றிருக்கிறார். அவருக்கு அதில் மகிழ்ச்சிதான்.

சு. கயல்விழி என்பவர் ஃபேமிலி-நேம்ஸில் கயல்விழி என்றும், இயற்பெயருக்கான கிவன்-நேம்ஸில் சு. என்றும் இட்டால், மேற்கோள் 'கயல்விழி, சு.' என்று சரியாக வரும். ஆய்விதழ்களிலும் இதே வடிவத்தைக் கடைப்பிடித்து, ஆய்வாளரின் தனி அடையாளமான ஆர்கிட் எண்ணையும் சேர்த்துவிட்டால், பெயரை யார் எப்படிப் புரட்டினாலும் ஆள் மாறாது.

அல்சூரிலிருந்து: கட்டுரையை மேற்கோள் காட்டச் சொல்வதா, மென்பொருளையா?

இரண்டையும் என்பதே என் கருத்து. வரைபடங்கள் வரையும் மென்பொருளான மேட்பிளாட்லிப் பற்றிய கட்டுரை 2007இல் வந்தது. இன்று ஒருவர் வரையும் படம் எந்தப் பதிப்பில் வரையப்பட்டது என்பதை அக்கட்டுரை எப்படிச் சொல்லும்? சிஎஃப்எஃப் கோப்பில் ப்ரிஃபர்டு-சைட்டேஷன் என்ற பகுதியில் கட்டுரையைக் குறித்தால் கிட்ஹப் அதையே காட்டும் என்பதால், பதிப்பு எண்ணையும் குறிப்பிடுமாறு செய்தி வரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவரே: ஒவ்வொரு வெளியீட்டிலும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் மாறுகிறதே?

செர்ன் ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ என்ற ஆய்வுக் காப்பகம், பதிப்புக்கு ஒன்றும் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவாக ஒன்றுமாக டிஓஐ தருகிறது. கிட்ஹப்புடன் இணைத்திருந்தால் வெளியீட்டுக்குப் பிறகுதான் பதிப்பின் எண் பிறக்கும். ஆகவே அதே வெளியீட்டின் கோப்புக்குள் அதை எழுத முடியாது. கோப்பில் பொது எண்ணை இடுங்கள். முடிவை மீண்டும் சரிபார்க்க வேண்டிய கட்டுரையில் பதிப்பின் எண்ணைத் தர வேண்டும்.

ஜெயநகரிலிருந்து: நிரல் ஓடும்போதெல்லாம் மேற்கோள் வேண்டுகோளைத் திரையில் காட்டலாமா?

வேண்டாம். ஒரே இரவில் ஆயிரம் முறை ஓடும் நிரலின் பதிவுக் கோப்பைத் திறந்து, ஆயிரம் வேண்டுகோள்களுக்கு நடுவே ஒரு பிழைச் செய்தியைத் தேடிப் பாருங்கள், காரணம் புரியும். கேட்டால் மட்டும் மேற்கோளைச் சொல்லும் ஒரு கட்டளை போதும்.